செண்பகம் பேசாதபோது பேசியவள்

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டான் தாணு.

"ஒண்ணுமில்ல," என்றாள் செண்பகம்.

"கேக்கணுமா?"

"அதான் ஒண்ணுமில்லேங்கறேன்ல. டீ ஆறுது, குடி."

"இது என் டீ. நீதான் ரெண்டு வாய் குடிச்சிட்டே."

"தெரியாம குடிச்சிட்டேன். நேரமாச்சு, கிளம்பு."

கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் இந்தப் பேச்சு நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. தாணு டீயை முடித்தான், பெட்டியை இழுத்துக்கொண்டு போனான், ஸ்வீடனில் கோத்தன்பர்க் என்ற ஊரில் இறங்கினான், அங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்துவிட்டான். செண்பகம் மட்டும் அந்த டீக்கடையை விட்டு இன்னும் நகரவில்லை. பல் தேய்க்கும்போதும், பஸ்ஸில் சில்லறை தேடும்போதும் அதே கேள்வியை அவன் கேட்பான். அவள் விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்ப்பாள். ஒரு பதிலில் அழுவாள். ஒரு பதிலில் அவனுடைய பாஸ்போர்ட்டைப் பிடுங்கி டீ கொதிக்கும் பாத்திரத்தில் போட்டுவிடுவாள். அது அவளுக்கு மிகவும் பிடித்த பதில்.

இருவரும் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பு. செண்பகவல்லிக்கு ஊர் கோவில்பட்டி. தாணுமாலயனுக்கு நாகர்கோவில் பக்கம் சுசீந்திரம். கோயம்புத்தூரில் இருந்த தெற்கத்திப் பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான் என்பதால் மெஸ்ஸில் ஒரே மேஜையில் உட்கார ஆரம்பித்தார்கள். சாம்பாரில் சர்க்கரை போட்டிருக்கிறார்கள் என்று ஒன்றாகப் புலம்பியதில் வளர்ந்த சினேகம். அந்தச் சினேகம் எந்த இடத்தில் வேறாக மாறியது என்று செண்பகத்துக்குத் துல்லியமாகத் தெரியும். அவனுக்கும் மாறியதா என்பதுதான் தெரியாது.

இந்தக் கதை நடப்பது நமக்குக் கொஞ்சம் பிந்திய காலத்தில். கடலுக்கு அடியில் போகும் கம்பிகளுக்காக நாடுகள் சண்டை போட்டு, பங்கு பிரித்து, கடைசியில் எல்லோருக்கும் இணையம் கோடைக் குழாய்த் தண்ணீர் மாதிரி விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. வீடியோவில் பேசினால் பாதிப் பேச்சு வழியிலேயே கொட்டிப் போய்விடும். பெரிய கம்பெனிகள் ஆளுக்கொரு செயலி வைத்திருந்தன. ஒன்றில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரோடு பேச முடியாது. மகன் ஒரு கம்பெனியிலும் அம்மா ஒரு கம்பெனியிலும் மாட்டிக்கொண்ட வீடுகள் எத்தனையோ.

அதனால்தான் 'கண்டுபேசி' பிறந்தது. யாருக்கும் சொந்தமில்லாதது. எப்படி அனுப்ப வேண்டும், எப்படி வாங்க வேண்டும் என்று ஒரு விதிநூல் மட்டும் எழுதிப் பொதுவில் வைத்துவிடுவது. அதைப் படித்து யார் வேண்டுமானாலும் செயலி செய்துகொள்ளலாம். யார் செய்ததும் யார் செய்ததோடும் பேசும். விதிநூலின் பெரும்பகுதியை எழுதியவள் செண்பகம்.

"நீதான் செயலி ஒண்ணு செய்யுதியே, அப்போ அந்த சுசீந்திரத்துப் பையனும் ஏன் தனியா ஒண்ணு செய்யுதான்?" என்று அவளுடைய அம்மா கோமதி ஒருமுறை கேட்டாள்.

"அதாம்மா வழக்கம். விதிநூல் சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்? ஒரே வரைபடத்தை ரெண்டு கொத்தனார்கிட்ட குடுக்கணும். ரெண்டு பேரும் ஒருத்தரோட வேலையை ஒருத்தர் எட்டிப் பாக்கக்கூடாது. சந்தேகம்னா தங்களுக்குள்ள ரகசியமாக் கேட்டுக்கக்கூடாது, ஊர் முன்னாடி கேக்கணும். அப்புறம் ரெண்டு வீட்டையும் ஒட்டி வச்சா கதவுக்கு நேரா கதவு வரணும். வரலேன்னா வரைபடத்துல ஓட்டை."

"ஒருத்தன்கிட்டயே குடுத்தா?"

"அவன் தலைக்குள்ள இருக்கறதை வச்சு ஓட்டையை அடைச்சிடுவான். மூணாவதா வர்றவன் விழுந்து கைய ஒடைச்சுக்குவான்."

"அப்போ பொருத்தம் பாக்கீக," என்றாள் கோமதி, கண்ணில் ஒரு மினுக்கோடு. "சாதகத்தை மட்டும் வச்சுக்கிட்டு, பையனும் பொண்ணும் பேசிக்காம."

செண்பகம் பேச்சை மாற்றிவிட்டாள்.

முதல் கொத்தனார் செண்பகம். இரண்டாவது கொத்தனாராக உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் யார் வேண்டுமானாலும் வந்திருக்கலாம். வந்து நின்றவன் தாணு. ஏன் வந்தான் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அவனுடைய செயலியை உலகமே திறந்து பார்க்கலாம், அவளைத் தவிர. விதி அப்படி.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மத்தியானமும் இரண்டையும் இணைத்துச் சோதனை அழைப்பு. அவள் அவளுடைய செயலியில், அவன் அவனுடையதில். படம் தெரிகிறதா, குரல் வருகிறதா, சரி, சரி, சரி. வேலை முடிந்ததும் கொஞ்ச நேரம் ஊர்க்கதை. அப்புறம் அவன் கேட்பான்:

"வேற ஏதாவது சொல்லணுமா, செண்பா?"

வாரம் தவறாமல் கேட்டான். அவளும் வாரம் தவறாமல் இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று மூச்சை இழுத்து, உதட்டை ஈரப்படுத்தி, முதல் எழுத்துக்கு வாயைக் குவிப்பதற்குள் அவன் முகம் ஏதோ மாதிரி ஆகி, "சரி, அப்போ வச்சிடறேன்" என்று போய்விடுவான். ஒரு மனுஷி மூச்சு விடக்கூட நேரம் தராத அவசரக்காரன்! ஸ்வீடனுக்குப் போனவர்களுக்குப் பொறுமை கூடும் என்பார்கள். இவனுக்கு இருந்ததும் போய்விட்டது என்று அவள் எரிச்சல்பட்டாள்.

போன வெள்ளிக்கிழமை ஒரு செய்தி சொன்னான்.

"இங்கயே நிரந்தரமா இருக்கச் சொல்றாங்க. வர்ற திங்கள் இல்ல, அதுக்கடுத்த திங்கட்கிழமை கையெழுத்துப் போடணும்."

"ஓ. நல்ல விஷயம்."

"நல்ல விஷயமா?"

"இல்லையா பின்னே?"

"ம். வேற ஏதாவது சொல்லணுமா?"

இதோ. இதுதான். இதைவிட்டால் இல்லை. செண்பகம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூச்சை இழுத்தாள்.

"சரி," என்றான் தாணு. "வச்சிடறேன்."

*

அந்தக் கோபத்தோடுதான் மறுநாளே கோவில்பட்டிக்கு பஸ் ஏறினாள். மாடி அறையில் உட்கார்ந்து வாரம் முழுக்க வேலை பார்த்தாள். கோமதிக்கு முழங்கால் வலி என்பதால் மாடிப்படி ஏற மாட்டாள். அடுக்களையில் இருந்தபடியே கண்டுபேசியில் மகளை அழைப்பாள். அதிலும் ஒரு துரோகம்: கோமதி வைத்திருந்தது மகள் செய்த செயலி இல்லை, தாணு செய்தது.

"உன்னோடதுல எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்குட்டி. அந்தப் பையனோடது பளிச்சுனு இருக்கு," என்பது அவளுடைய கட்சி.

புதன்கிழமை காலை அழைப்பு வந்தது. திரையில் அம்மா, பின்னால் அடுப்பில் ஏதோ தாளிக்கும் புகை.

"ஏட்டி, சாத்தூர்க்காரக ஞாயித்துக்கிழமை வாராக. அந்த மாம்பழக் கலர் பட்டுச்சேலையை எடுத்து வெளியில போடட்டா?"

"எந்த சாத்தூர்க்காரக?"

"ஆமா, ஒண்ணும் தெரியாதவ மாதிரி. மாப்பிள்ளை வீட்டுக்காரகதான்."

செண்பகம் ஒன்றும் பேசவில்லை. இரண்டு மாதமாக அம்மா இந்த சாத்தூர் மாப்பிள்ளையைப் பற்றிக் கோயம்புத்தூருக்கு அழைத்துச் சொல்லும்போதெல்லாம் அவள் செய்ததும் இதுதான். வாயை இறுக்க மூடிக்கொண்டு, முடியாது என்பதை முகத்திலேயே எழுதிக்காட்டுவது. இப்போதும் அப்படியே முறைத்தாள்.

கீழேயிருந்து, அடுக்களை ஜன்னல் வழியாக, அவளுடைய சொந்தக் குரலே கேட்டது.

"சரிம்மா. உன் இஷ்டம்மா."

செண்பகம் தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

"என் தங்கம்," என்றாள் திரையில் கோமதி. "ரவா கேசரியா, பால் பாயசமா?"

செண்பகம் மூச்சைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். கீழேயிருந்து மறுபடி அவள் குரல், கொஞ்சம் கொஞ்சலாகவே: "எதுன்னாலும் சரிம்மா."

படிகளை அவள் எப்படி இறங்கினாள் என்பது அவளுக்கே தெரியாது. அடுக்களை மேடையில் புளிப் பாத்திரத்துக்குச் சாய்த்து வைத்திருந்த டேப்லெட்டில் மாடி அறையின் காலி நாற்காலி தெரிந்தது.

"அம்மா, இப்போ யாரு பேசினா?"

"நீதான்."

"நான் வாயே திறக்கல!"

"நான்தான் பாத்தேனே. உதடு அசைஞ்சுது, தலையை வேற ஆட்டுன."

செண்பகம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். காரணம் மெல்ல மெல்லப் புரிந்துவர, சிரிப்பு வருமோ அழுகை வருமோ என்று தெரியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"என்னன்னு சொல்லுட்டி. பயமா இருக்கு."

"லைன் அறுந்து அறுந்து வருதுல்லம்மா. நடுவுல குரல் விட்டுப்போச்சுன்னா, அந்த ஆள் என்ன சொல்லியிருப்பாங்கன்னு கணிச்சு, அவங்க குரல்லயே, முகத்தையும் அதுக்கேத்த மாதிரி அசைச்சு, செயலி நிரப்பிக்கும். ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை. அது நாங்க சேத்த வசதிதான்."

"நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனா டேட்டா மிச்சம் பிடிக்கலாம்னு, நான் பேசாம இருக்கும்போது என்னோட செயலி ஒண்ணுமே அனுப்பாது. தாணுவோடது பாக்குது, 'ஐயோ, குரல் வரலையே, லைன் அறுந்துபோச்சு போல'ன்னு நினைச்சு..."

"நீ பேசாததை நீ பேசினதா நிரப்பிடுது."

"ஆமா."

"அவன்கிட்ட இருந்து உனக்கு வர்றப்போ?"

"அவன் சும்மா இருந்தா, 'சும்மா இருக்கேன்'னு ஒரு குறிப்பு அனுப்புற மாதிரி செஞ்சிருக்கான். எனக்கு ஒழுங்காத்தான் வந்திருக்கு. எங்கிட்ட இருந்து போறதுதான்..." செண்பகம் தலையில் அடித்துக்கொண்டாள். "பேசறது எப்படிப் போகணும்னு பக்கம் பக்கமா எழுதினேன்மா. பேசாம இருக்கறது எப்படிப் போகணும்னு ஒரு வரி எழுதல. அவன் ஒரு மாதிரி புரிஞ்சுக்கிட்டான், நான் ஒரு மாதிரி செஞ்சேன்."

கோமதி அடுப்பைச் சிறிதாக்கினாள்.

"அப்போ சாத்தூருக்கு நீ சரின்னு சொல்லல."

"ஒரு தடவைகூடச் சொல்லலம்மா."

"அந்த டப்பாக்குள்ள இருந்தவ எவ்வளவு தங்கமான பிள்ளை தெரியுமா? எதிர்த்து ஒரு பேச்சு கிடையாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு சிரிப்பு நின்றது. "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ஒரு நாள், 'நான் இருக்கேன்லம்மா'ன்னியே. அது?"

"அது நான்தாம்மா."

"நெசமா ஞாபகம் இருக்கா?"

செண்பகம் வாயைத் திறந்தாள். ஞாபகப்படுத்திப் பார்த்தாள். அந்த நாள் நினைவிருந்தது, அம்மாவின் சோர்ந்த முகம் நினைவிருந்தது. தான் அதைச் சொன்னோமா, நினைத்துக்கொண்டு சும்மா இருந்தோமா என்பது மட்டும் தெரியவில்லை.

"இருக்குன்னு... நினைக்கறேன்."

கோமதி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த முதுகைப் பார்த்தபோதுதான் செண்பகத்துக்கு விளையாட்டு விட்டுப்போயிற்று.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமைகள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோத்தன்பர்க்கில் ஒரு செண்பகம் பேசியிருக்கிறாள்.

என்ன பேசினாள்?

*

எப்படி நிரப்புவது என்பது அவரவர் கைவண்ணம் என்று விதிநூலில் விட்டிருந்தார்கள். தாணுவின் செயலி எதை வைத்துக் கணிக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. முகத்தைப் படிக்கிறதா? குவிந்த உதட்டைப் படிக்கிறதா? மனசை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கண்ணில் இருப்பதை எல்லாம் வழித்து எடுத்து, அவள் குரலிலேயே அவனிடம் ஒப்பித்துவிட்டதா? 'தாணு, உன் பாஸ்போர்ட்டை டீயில் போட வேண்டும் போல இருக்கிறது' என்று சொல்லியிருக்குமோ? கேட்டுவிட்டுத்தான் 'சரி, வச்சிடறேன்' என்று ஓடினானோ?

போன் செய்து கேட்டுவிடலாம். ஆனால் விதி இருந்தது: கொத்தனார்கள் செயலியைப் பற்றித் தனியாகப் பேசக்கூடாது. உண்மையைச் சொல்வதென்றால், அவளுக்கு அந்த விதி அப்போது நல்ல வசதியாக இருந்தது. உலகம் முழுக்கக் கண்டுபேசி உறுப்பினர்கள் படிக்கும் பொது மடலில் எழுதினாள்:

'வணக்கம். பேச்சற்ற நேரத்தை எவ்வாறு அனுப்புவது என்பது பற்றி விதிநூலில் ஏதும் இல்லை. இதனால் என் மௌனங்கள் இரண்டாம் செயலியில் பிழையாக நிரப்பப்பட்டிருக்கின்றன. அவை எவ்வாறு நிரப்பப்பட்டன என்பதை அதன் ஆசிரியர் தெரிவிக்க வேண்டுகிறேன்.'

மாலையில் பதில் வந்தது.

'வணக்கம். உறுப்பினரின் கேள்வியைப் படித்து அதிர்ச்சி அடைந்தேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் விளக்கமளிக்கிறேன். அன்புடன், தாணுமாலயன்.'

'அதிர்ச்சி' என்ற வார்த்தையையும் 'அன்புடன்' என்ற வார்த்தையையும் மாறி மாறிப் பார்த்தபடி செண்பகம் இரண்டு நாளைக் கழித்தாள். வெள்ளிக்கிழமைச் சோதனை அழைப்பை, பிழை தீரும்வரை வேண்டாம் என்று அவளே ரத்து செய்தாள். கோமதி சாத்தூருக்குப் போன் போட்டு எப்படிச் சொல்வது என்று தவித்தாள். "டப்பா சொல்லிருச்சு, பொண்ணு சொல்லலேன்னா நம்புவாகளா? கேசரிக்கு முந்திரியும் வாங்கியாச்சு."

*

கூட்டத்தை நடத்தியவர் ரெமிஜியுஸ் பர்னாந்து. தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற தூத்துக்குடிக்காரர். எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். கூட்டத்தில் ஒருவர் தும்மினாலும் நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றிவிடுவார். இன்றைக்குத் திரை நிறைய முகங்கள். பயன்படுத்துவோர் தரப்பில் கோமதியும் வந்திருந்தாள், பின்னால் மிக்ஸியோடு.

செண்பகம் பிழையை விளக்கினாள். தாணு திரையின் ஒரு மூலையில், கம்பளிச் சட்டையில், தாடையைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவள் அந்த மூலையைப் பார்ப்பதைத் தவிர்த்தாள்.

"திருத்தியே ஆகணுமா?" என்று முதலில் கேட்டவர் பள்ளிக்கூடங்கள் சார்பில் வந்திருந்த வைரமணி. "தப்பா நினைக்காதீங்க. எங்க வாத்தியாருங்க ரொம்ப சந்தோஷமா இருக்காங்க. முன்னெல்லாம் 'புரிஞ்சுதா'ன்னு கேட்டா ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். இப்போ அத்தனை பேரும் 'புரிஞ்சுது சார்'ங்கறான்."

"பரீட்சையில?" என்றார் அண்ணாச்சி.

"அதைத்தான் இப்போ விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். வேறு சிலரும் பேசினார்கள். மாமியாரும் மருமகளும் சண்டையில்லாமல் இருக்கும் வீடுகளைப் பற்றி ஒருவர் சொன்னார். பேசாத மனிதர்களின் மேல் வரும் கோபம்தான் உலகத்தில் பாதிக் கோபம், அதை ஒரு செயலி துடைத்துவிட்டால் என்ன கெட்டுப்போயிற்று என்று ஒருவர் கேட்டார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

"நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றார் டாக்டர் ஹஸீனா. கூடலூர் பக்கம் மலைமேல் ஒரு சின்ன மருத்துவமனையில் இருந்து எஸ்டேட் பெண்களைக் கண்டுபேசி வழியாகப் பார்ப்பவர். "ஒரு அம்மா மாசாமாசம் திரையில வருவாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் காயம். 'வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா'ன்னு கேப்பேன். 'இல்ல டாக்டர், எல்லாம் நல்லா இருக்கு'ம்பாங்க. நானும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன். செண்பகத்தோட மடலைப் படிச்சிட்டு நேத்து ஜீப் எடுத்துக்கிட்டு நேர்ல போய் அதே கேள்வியைக் கேட்டேன். அந்த அம்மா பதில் சொல்லல. ரொம்ப நேரம் சொல்லல. நான் காத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் அழுதாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அத்தனை மாசமா அந்த அம்மா எங்கிட்ட பேசாமதான் இருந்திருக்காங்க. அதை நான் பார்த்திருந்தா எனக்குப் போதும். எனக்கு அது வந்து சேரவே இல்ல."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"என்னய்யா இது," என்றாள் கோமதி திடீரென்று, தன் டேப்லெட்டை முறைத்து. "அந்தம்மா எவ்வளவு கஷ்டத்தைச் சொல்லுது, எல்லாரும் சேந்து 'நல்லது டாக்டர், நன்றி டாக்டர்'ங்கீக?"

அண்ணாச்சி கண்ணை மூடித் திறந்தார். "வாக்கெடுப்பு வேண்டாம்னு நினைக்கேன். மௌனத்தையும் அனுப்பணும். எதிர்ப்பு உண்டா? உண்டுன்னா வாயைத் திறந்து சொல்லுங்க, தயவுசெஞ்சு."

எதிர்ப்பு இல்லை. புது வாசகத்தை அங்கேயே எழுதினார்கள்: ஒருவர் பேசாமல் இருக்கிறார் என்றால் அதுவும் செய்திதான், அது செய்தியாகவே போய்ச் சேர வேண்டும். லைன் உண்மையிலேயே அறுந்து, செயலி நிரப்பினால், முகத்துக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பொட்டு தெரிய வேண்டும். இரண்டு கொத்தனாரும் தங்கள் தங்கள் செயலியில் அதைச் சேர்க்க ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆயிற்று.

"பொருத்திப் பாத்துடுவோம்," என்றார் அண்ணாச்சி. "தாணு, நீங்க ஏதாவது ஒரு கேள்வி கேளுங்க. செண்பகம், நீங்க பதில் சொல்லக்கூடாது. தெரிஞ்சுதா?"

"எனக்குப் பழக்கம்தான் அண்ணாச்சி," என்றாள் செண்பகம்.

தாணு தொண்டையைச் செருமிக்கொண்டான். நேராகப் பார்த்தான்.

"வேற ஏதாவது சொல்லணுமா, செண்பா?"

செண்பகம் பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது உத்தரவு. ஆனால் மூச்சு தானாக உள்ளே போயிற்று, உதடு ஈரமாயிற்று, வாய் முதல் எழுத்துக்குக் குவிந்து நின்றது. ஐந்து வருஷமாக அது பழகிய வேலை.

தாணு பார்த்துக்கொண்டே இருந்தான். இந்தத் தடவை 'சரி' என்று போகவில்லை. முதலில் புருவம் சுருங்கியது. பிறகு மெல்ல விரிந்தது. கம்பளிச் சட்டையின் கையை இழுத்து இழுத்து விட்டான். திரைக்கு அருகே குனிந்து, ஏதோ சின்ன எழுத்தைப் படிப்பவன் மாதிரி அவள் முகத்தைப் பார்த்தான்.

"வந்துதா?" என்றார் அண்ணாச்சி.

"வந்துது," என்றான் தாணு. "நல்லா வந்துது."

"சோதனை வெற்றி. பழைய பதிப்புல இதே கேள்விக்கு என்ன வந்துச்சுன்னும் சொல்லிடுங்க. செண்பகம் மடல்ல கேட்டிருந்தாங்க. குறிப்புல ஏத்தணும்."

செண்பகத்துக்குக் காது மடல் சுட்டது. அவ்வளவுதான். ஊர் முன்னால் பாஸ்போர்ட், டீ, எல்லாம் வெளியே வரப்போகிறது.

"அண்ணாச்சி, என் செயலி முகத்தை எல்லாம் படிக்காது. ரொம்ப சாதாரணமானது. இந்த ஆள் இந்தக் கேள்விக்கு வழக்கமா என்ன சொல்வாங்களோ, அதையே சொல்லிடும்." தாணு கொஞ்சம் நிறுத்தினான். "எங்க முதல் சோதனை அழைப்புல நான் இதைக் கேட்டேன். செண்பா வாய் திறந்தே ஒரு பதில் சொன்னா. அதுக்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே பதில்தான் வந்துது. கேட்டு முடிக்கறதுக்குள்ள வந்துடும். 'ஒண்ணுமில்ல'ன்னு."

செண்பகம் மனசுக்குள் வெள்ளிக்கிழமைகளை எண்ணிப் பார்த்தாள்.

அவள் மூச்சைப் பிடித்துத் தவித்த அத்தனை வாரமும், அவளுடைய சொந்தக் குரல் முந்திக்கொண்டு ஓடிப்போய் அவன் காதில் 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறது. அவசரக்காரன் என்று அவள் திட்டியவன், வாராவாரம் கேட்டு, வாராவாரம் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறான். அந்த இயந்திரத்தின் மேல் கோபப்படக்கூட வழியில்லை. அது புதிதாக ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவள் கற்றுக்கொடுத்த பொய்யைத்தான் சொன்னது.

"குறிப்புல ஏத்தியாச்சு," என்றார் அண்ணாச்சி, எழுதியபடி. "ஒண்ணு... மில்ல. சரி. வேற ஏதும் விஷயம் உண்டா? இல்லேன்னா கூட்டத்தை முடிச்சுக்கலாம்."

எல்லாக் கூட்டத்தின் கடைசியிலும் கேட்கிற கேள்விதான். யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆளாளுக்கு வெளியேறும் பொத்தானைத் தேடத் தொடங்கினார்கள். அடுக்களையில் மிக்ஸி நின்றது.

"ஒரு விஷயம் இருக்கு அண்ணாச்சி," என்றாள் செண்பகம். "இரண்டாம் செயலி ஆசிரியர்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"செயலி சம்பந்தமாவா?"

"கொத்தனார்கள் தனியாக் கேட்டுக்கக்கூடாது, ஊர் முன்னாடிதான் கேக்கணும்னு விதி இருக்குல்ல? அதன்படி கேக்கறேன்."

பொத்தானைத் தேடிய கைகள் எல்லாம் நின்றன. டாக்டர் ஹஸீனா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஏட்டி," என்றாள் கோமதி கீழேயிருந்தும் திரையிலிருந்தும் ஒரே நேரத்தில். "கேசரி எத்தனை பேருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். முழுங்காம கேளு."

செண்பகம் திரையின் அந்த மூலையை நேராகப் பார்த்தாள்.

"தாணு, என் முகத்துக்குப் பக்கத்துல மஞ்சள் பொட்டு தெரியுதா?"

"இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"இல்ல செண்பா. சத்தியமா இல்ல."

"அப்போ பேசறது நான்தான்." மூச்சு உள்ளே போயிற்று. இந்தத் தடவை அது வெளியே வரும்வரை அவன் காத்திருந்தான். "திங்கட்கிழமை எதுலயும் கையெழுத்துப் போடாதே. சாத்தூர்க்காரங்களுக்கு வாங்கின முந்திரி எங்க வீட்ல இருக்கு. நீ வா. வந்துட்டு, தாணு, திரும்பப் போகாதே."